மணி வயர் போய்ச் சேர்ந்த இடம்

எய்யா,

நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று அவள் உன்னிடம் சமாளித்திருப்பாள். காது நன்றாகத்தான் கேட்டது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு புதுப் பட்டாசு ஆலையில் உன் எச்சரிக்கை மணி மெஷினுக்குப் பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறது. அங்கே வெடிமருந்து கலக்குகிற ஆட்கள் தங்கள் அறைக்குள் உன் வயரை இழுக்க விடமாட்டோம் என்கிறார்கள். "நீங்க ஒருதடவ வந்து ஒரு வார்த்த சொன்னீகன்னா போதும்ப்பா. உங்க பேச்சு எடுபடும்" என்றாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதா, வேண்டாமா என்பதற்கான பதில்தான் இந்தக் கடிதம்.

எழுதுகிற கை என்னுடையது இல்லை. விருதுநகர் இரும்புக் கடை ஜமால் பாய் எழுதுகிறார். "நீங்க பேசுறத அப்படியே எழுதுனா படிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும் அண்ணாச்சி" என்று சொல்லி வாக்கியத்தைக் கொஞ்சம் நேராக்கிக்கொள்கிறார். ஆனால் ஆட்கள் பேசின பேச்சை மட்டும் பேசின மாதிரியே போடச் சொல்லியிருக்கிறேன். இதை நாலு பேர் படிக்கும்படி அச்சிலும் போடச் சொல்லியிருக்கிறேன். மருந்து வாசனையில் வளர்ந்து, படித்து, பெரிய பெரிய மெஷின்களைக் கட்டுகிற பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் நீ ஒருவன் மட்டும் இல்லை. அவர்களும் படிக்கட்டும்.

நீ அந்த மெஷினைக் கட்ட ஆரம்பித்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலேஜ் முடித்து மதுரையில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, "நானே தனியாச் செய்யப்போறேன்ப்பா" என்று வந்து நின்றாய். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். ஆலையில் ஒவ்வோர் அறையிலும் எவ்வளவு சூடு, காற்றில் எவ்வளவு ஈரம் என்று ஒரு கம்ப்யூட்டர் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும், அளவு தாண்டினால் மணி அடிக்கும், எல்லாரும் வெளியே வந்துவிடலாம் என்றாய். இதற்கென்றே செய்த கம்ப்யூட்டர் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், அதன் விலைக்கு நாம் போக முடியாது, அதனால் ஆபீஸ்களில் மேஜை மேல் வைக்கிற சாதாரணக் கம்ப்யூட்டரையே பிரித்து, உள்ளே இருக்கிற பலகையைத் தட்டையான தகரப் பெட்டியில் மாட்டி, இரும்புச் சட்டத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்போவதாகச் சொன்னாய். அந்தச் சட்டத்துக்கு ரேக் என்று பேர் சொன்னாய். நான் உன்னை பாயிடம் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பாய் அதுவரை பருப்புக் கடைக்கும் வத்தல் கமிஷன் கடைக்கும் அலமாரி அடித்துக் கொடுத்தவர். நீ காகிதத்தில் அளவு போட்டுக் கொடுத்தும் அவர் கைப்பழக்கத்தில் ஓட்டைகளைத் தன் அலமாரி அளவுக்கே போட்டுவிட்டார். உன் பெட்டி எதுவும் அதில் பொருந்தவில்லை. "பாய், நான் வைக்கப்போறது கம்ப்யூட்டரு. வத்தல் மூட்டை இல்ல" என்றாய். "எதுவா இருந்தா என்ன மாப்ள, இரும்புக்குத் தெரியவா போகுது" என்றார் அவர். மூன்று பேரும் அப்படிச் சிரித்தோம். இதை எழுதும்போது பாய் இப்போதும் சிரிக்கிறார். எனக்குத்தான் வரவில்லை.

முதலில் கட்டிய பெட்டி ஆலைக்குப் போன சில நாட்களிலேயே செத்துப்போனது. திறந்து பார்த்தால் பலகை முழுக்க வெள்ளி மாதிரி அலுமினியப் பொடி. சூட்டை வெளியேற்ற நீ வைத்த காற்றாடியே பொடியை உள்ளே இழுத்திருக்கிறது. நீ இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாய். உன் அம்மாதான் என் பழைய மல் வேட்டியைக் கிழித்து, இரண்டு மடிப்பு வைத்துத் தைத்து, காற்றாடி வாய்க்கு உறை போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் சாகவில்லை. ரேக்கின் பின்பக்கம் தொங்கிய அத்தனை வயரையும் நீ கட்டின விதத்தைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நீ சின்னப் பிள்ளையாக இருக்கையில் உன் அம்மா வீட்டில் சரவெடிக்குச் சரம் பின்னுவாள்; பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பின்னிப் பழகினாய். அதே பின்னல். நீ இடது கைக்காரன், உன் பின்னல் மட்டும் எதிர்ப்பக்கம் சாயும். கம்ப்யூட்டர் வயரும் அப்படியே சாய்ந்திருந்தது. எனக்கு உன் படிப்பு புரியாது. ஆனால் அந்தப் பின்னல் புரிந்தது. இது எம் பிள்ளை கட்டினது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்ல அது போதுமாக இருந்தது.

வெளியூர்க்காரர் படித்தால் புரியவேண்டும் என்பதற்காக எங்கள் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஆலையில் மருந்து கலக்குகிற அறை ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். அந்த அறை வரிசையில் மூத்த ஆள் எவரோ, அவருக்கு வெயிலோ காற்றோ சரியில்லை என்று பட்டால் அந்தத் தண்ணீரை வாசல்படியில் ஊற்றிவிடுவார். வாசல் நனைந்துவிட்டால் அன்றைக்கு மருந்து வேலை முடிந்தது. நனைந்த படியைத் தாண்டி எவனும் மருந்து எடுத்துப் போகமாட்டான். மேனேஜர் கத்துவார், லோடு நிற்கிறதே என்று முதலாளி பல்லைக் கடிப்பார், ஆனால் படியைத் தாண்டச் சொல்ல அவர்களுக்கும் வாய் வராது. என் காலத்தில் அந்த மூத்த ஆள் நான்.

உன் வயருக்கு எங்கள் வரிசையில் யாரும் சம்மதிக்கவில்லை. மருந்து அறைக்குள் கரண்டா என்று பயந்தார்கள். பக்கத்து அறை மாரியப்பன், எனக்குத் தம்பி முறை, அவன் சம்சாரம் பேச்சியம்மாள் நம் வீட்டுக்கே வந்து சண்டை போட்டாள். "உங்க மகன் படிச்ச படிப்புக்கு எங்க தாலிதான் கெடச்சுதா?" என்று கேட்டாள். நீ அவளை உட்காரவைத்து, "அறைக்குள்ள வாரது கரண்டே இல்ல சித்தி. நாடி புடிச்சுப் பாக்குறாப்புல ஒரு சின்னத் துடிப்பு. கையில புடிச்சாக்கூடத் தெரியாது" என்று பொறுமையாகச் சொன்னாய். அவள் நம்பவில்லை. மறுநாள் நான் வரிசையில் எல்லாரையும் கூப்பிட்டு, உன் வயரின் நுனியை எடுத்து, எல்லாரும் பார்க்க என் நாக்கில் வைத்தேன்.

"எண்ணே, என்ன ருசி?" என்றான் மாரியப்பன்.

"உன் சம்சாரம் வைக்கிற குழம்பு மாதிரி. உப்புமில்ல, உறைப்புமில்ல" என்றேன்.

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் உன் கம்ப்யூட்டரை நம்பவில்லை, எய்யா. என் நாக்கை நம்பினார்கள்.

வயர் இழுக்கும்போது நானும் உன்னோடு இருந்தேன். அறை வயர்கள் எல்லாம் குழாய்க்குள் மண்ணுக்கடியில் போயின. மணிக்கு மட்டும் தனியாகச் சிவப்பு வயர், அறைகளை விட்டுத் தள்ளி, வேலிக் கம்பத்தோடு. வரிசைக் கடைசித் தூணில் மணியை மாட்டிவிட்டு அங்கிருந்து கம்பம் கம்பமாகக் கம்ப்யூட்டர் அறை வரைக்கும் நான் வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், நீ கட்டிக்கொண்டே வந்தாய். கடைசியில் ரேக்கில் ஒரு பெட்டியின் முதுகில் அதைச் சொருகி, "இந்தப் பெட்டி சொன்னா அந்த மணி அடிக்கும். நடுவுல ஒரு மனுசனும் கெடையாதுப்பா" என்றாய். அடித்தும் காட்டினாய். அப்புறம் என் தோளில் கை வைத்து, "இனிமே நீங்க வாசல நனைக்க வேண்டாம். நீங்க ஒண்ணு சொல்லி மணி ஒண்ணு சொன்னா ஆளுக குழம்பிருவாக. மணி அடிச்சா நிறுத்துங்க. அடிக்கலன்னா தைரியமாப் பாருங்க" என்றாய். நியாயமாகப் பட்டது. வாளிகளை நானே எடுத்துக் கொண்டுபோய் ஸ்டோரில் கவிழ்த்தேன்.

உன் பெட்டியை நான் குறை சொல்ல வரவில்லை. அது என்னைவிடக் கெட்டிதான். ஒரு நாள் காலை லேசாகத் தூறல் விழுந்து குளுகுளுவென்று இருந்தது. மணி அடித்தது. "வெயிலே இல்ல, இது எதுக்குக் கத்துது?" என்று நான் அலட்சியமாகத்தான் வெளியே வந்தேன். தட்டில் மிச்சம் இருந்த மருந்து ஈரக்காற்று பட்டுத் தானாகவே சூடேறி லேசாகப் புகைய ஆரம்பித்தது. கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டோம். நான் மட்டும் என்றால் அன்றைக்கு நிறுத்தியிருக்கமாட்டேன். அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தாள். நீ அதை ஒரே மூச்சில் குடித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த வருசத்துச் சீசன் தப்பியது. அடுத்த வருசம் தீபாவளிக்கு முந்தின மாதங்களில் வெயில் குறையவே இல்லை. மணி அடிக்கடி அடித்தது. லாரி வந்து நின்றுகொண்டே இருந்தது. முதலாளி உன்னைக் கூப்பிட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நீ வந்து, இரண்டு நாள் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தாய். போகிறபோது வீட்டில் சாப்பிட்டாய். உன் அம்மா விரால்மீன் குழம்பு வைத்திருந்தாள். நான் உனக்கு எதிரே உட்கார்ந்து, "மணி எப்படிய்யா ஓடுது?" என்று கேட்டேன்.

"நல்லா ஓடுதுப்பா" என்றாய். தலையைத் தூக்காமல் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாய். மீனில் முள் இருக்கத்தானே செய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மணி அவ்வளவாக அடிக்கவில்லை. வெயில் எங்களுக்கே உடம்பில் உறைத்தது. "என்னண்ணே, இன்னைக்கு மண்ட காயுது, மணி சும்மா இருக்கு?" என்று மாரியப்பன் கேட்டான். "எம் மகன் பெட்டிக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்? போ, வேலையப் பாரு" என்றேன். அவன் போய் வேலையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவன் அறை வெடித்துப் போய்விட்டது.

அதை நான் விவரிக்கப்போவதில்லை. நாலு பக்கமும் வாசல் வைத்த அறை என்பதால் வெளியே விழுந்தான், உயிர் தப்பினான். அவனைத் தூக்கிக்கொண்டு வண்டி போனது. ஆட்கள் எல்லாரும் வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். மேனேஜரைக் காணோம். நான் மட்டும் ஆலைக்குள் நின்றேன். எனக்கு ஒன்று புரியவே இல்லை: மணி ஏன் அடிக்கவில்லை? வயர் எங்கேயாவது அறுந்திருக்கும், வெயிலில் இற்றுப்போயிருக்கும், எம் பிள்ளை மேல் பழி வருமே என்ற பதைப்பில், தூணிலிருந்து சிவப்பு வயரைக் கையால் தடவிக்கொண்டே கம்பம் கம்பமாக நடந்தேன். அறுபடவே இல்லை. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே வந்ததும் அது பழைய ஓட்டைக்குள் நுழையாமல் சுவரோடு திரும்பி, மேனேஜர் அறை ஜன்னலுக்குள் போனது.

உள்ளே போய்ப் பார்த்தேன். அவர் மேஜையின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு வயர் கம்ப்யூட்டர் ரேக்கிலிருந்து வந்தது. பக்கத்தில் ஒரு சுவிட்ச். சிவப்பு வயர் அந்தச் சுவிட்சில் முடிந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. பெட்டி சொன்னால் விளக்கு எரியும். மேனேஜருக்கு மனசு வந்தால் மணி அடிக்கும். பெட்டி சொல்லியிருக்கிறது, எய்யா. அப்போதும் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் சுவிட்சை அமுக்கினேன். ஆளே இல்லாத வரிசையில் மணி அடித்தது.

மேனேஜர் யாராவது எலக்ட்ரீசியனை வைத்து உனக்குத் தெரியாமல் மாற்றியிருப்பார் என்றுதான் அந்த நிமிசமும் நினைத்தேன். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டியிருந்தது. சரம் பின்னுகிற பின்னல். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மாரியப்பனின் இரண்டு கையிலும் கட்டு. நான் போய் நின்றதும் அவன் கேட்டது இதுதான்: "எண்ணே, மணி அடிச்சுதா? எனக்குத்தான் காது கேக்கலையோ?" பேச்சியம்மாள் பக்கத்திலிருந்து, "ஆமா, இந்த மனுசன் கூப்புட்டாலே திரும்பமாட்டாரு. அடிச்சிருக்கும், இவரு கேட்டிருக்கமாட்டாரு" என்று அழுதாள். உன் பெட்டி தப்பு செய்யும் என்று அவர்களுக்கு அப்போதும் தோன்றவில்லை. அவன் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

நீ மறுநாள் வந்தாய். பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்குப் பின்னால் நின்று பேசினோம். நீ அதை மறந்திருக்கலாம், எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"சிஸ்டம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்குப்பா. சூடு ஏறுனது எல்லாம் பதிவாகியிருக்கு. மேனேஜர்தான் அடிக்கல" என்றாய்.

"மணிய அவரு கையில குடுத்தது யாருலே?"

"ஆர்டர் குடுத்தது அவுக. மாத்தித் தரலன்னா எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் போகச் சொல்லிட்டாக. ஒண்ணுமே இல்லாததுக்கு இது இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

"சரி, மாத்துன. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? வீட்டுலதான சோறு தின்ன?"

நீ டீக் கிளாசைக் கீழே வைத்தாய். அப்புறம் சொன்னாய்: "சொன்னா நீங்க மறுபடி வாசல நனைச்சிருப்பீக."

எய்யா, உன் பிழைப்புக்காகப் பயந்தாய், முதலாளிக்குப் பணிந்தாய், அதெல்லாம் நானும் என் வாழ்நாளில் செய்திருக்கிறேன். அதற்காக ஒரு தகப்பன் மகனைத் தள்ளிவைக்கமாட்டான். ஆனால் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. வாளியில் தண்ணீரைப் பிடித்து வாசலில் ஊற்றியிருப்பேன், ஆட்கள் வெளியே வந்திருப்பார்கள் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. அது நடக்கக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டு முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தாய். என் நாக்கில் வயரை வைத்து நான் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கையை வைத்தே என்னையும் கட்டிப்போட்டாய். வேறு யார் செய்திருந்தாலும் ஏமாற்றினான் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். நீ செய்ததற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

சூலக்கரை கலெக்டர் ஆபீசில் விசாரணை நடந்தது. மணி அடித்ததா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். வயர் எங்கே போகிறது என்று கேட்டார்கள், மேனேஜர் மேஜைக்கு என்றேன். அங்கே கொண்டுபோனது யார் என்று கேட்டபோது உன் பேரையும் சொன்னேன். நீ அதற்காக என்மேல் மனத்தாங்கலாக இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். இருந்துகொள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட மாரியப்பனிடமும் போய்ச் சொன்னேன். உன் காதில் பழுது இல்லை தம்பி, மணி அடிக்கவில்லை, அதை மாற்றிக் கட்டினது எம் மகன் என்றேன். அவன் திட்டுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "சின்னப் பிள்ளையில நம்ம வீட்டுலதானண்ணே முக்காவாசி நாளு சோறு திம்பான்" என்றான். பேச்சியம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்று வரைக்கும் அவள் என்னிடம் பேசவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அம்மா, போய் ஒரு வார்த்தை சொன்னால் என்ன, பிள்ளை முன்னுக்கு வரட்டுமே என்கிறாள். நான் வருகிறேன். நீ கார் அனுப்பினால் காரில் வருகிறேன், அனுப்பாவிட்டால் பஸ் ஏறி வருகிறேன். வரவேண்டாம் என்று நீ சொன்னாலும் வருவேன். அங்கே மருந்து கலக்குகிறவர்களை உட்காரவைத்து, எம் மகன் கட்டுகிற பெட்டி பொய் சொல்லாது, மனுசனுக்குத் தெரியாத ஈரமும் சூடும் அதற்குத் தெரியும், அறைக்குள் வயரை விடுங்கள் என்று சொல்வேன். வேண்டுமானால் மறுபடியும் நாக்கில் வைத்துக் காட்டுவேன். அதோடு நிறுத்தமாட்டேன். மாரியப்பன் கதையை முழுசாகச் சொல்வேன். மணி வயரை வாரத்துக்கு ஒருதரம் உங்களில் ஒருத்தன் கையால் தடவிக்கொண்டே கடைசி வரைக்கும் போய், அது எங்கே முடிகிறது என்று பார்க்கவேண்டும் என்பேன். பெட்டியில் முடிந்தால் வேலையைப் பாருங்கள், மனுசனிடம் முடிந்தால் வெளியே வாருங்கள் என்பேன். எவன் வந்து எவ்வளவு நயமாகச் சொன்னாலும் வாசலில் இருக்கிற வாளியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அவன் என் மகனாகவே இருந்தாலும் என்று சொல்வேன்.

நான் சொல்லி முடித்ததும் அவர்கள் என்னைப் பார்க்கமாட்டார்கள், உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் நீ நிற்கவேண்டும், எய்யா. நின்று, தலையைத் தூக்கி, அவர்களிடம் பதில் சொல்லவேண்டும். நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா